வெள்ளிக்கிழமைக் கூட்டமும் தங்கதுரையின் தொண்டையும்

என் அக்கா கனகாவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் தங்கதுரை எனக்கு மாமா. மாமாவைக் கேலி பண்ணுவது மச்சானுக்குப் பிறப்புரிமை. அந்த உரிமையை நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடக்குறையச் சொன்னாலும், அவர்மேல் எனக்குப் பிரியம் இல்லையென்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிரியம் இல்லாதவனை நான் கேலி பண்ணுவதே கிடையாது, பேசாமல் போய்விடுவேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைவிட ஆரம்பித்த காலம் அது. அறுபத்து மூன்றோ நான்கோ இருக்கும். மாமா திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் சூளைக்காரராகச் சேர்ந்தார். அதே கம்பெனியில் நான் கப்பு சாசர்களுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவன். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்தன. லைன் வீடு என்போம். அதில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள்.

மாமா ஆள் குட்டை. குரல் மட்டும் குட்டையில்லை. சூளைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனை இவர் கூப்பிட்டால் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலை வீணாக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வந்த மறுவருஷமே லைனில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். வாரம் ஒரு வீடு. சாயங்காலம் வேலை விட்டு, கைகாலில் ஒட்டிய வெள்ளைக் களிமண்ணைக் கழுவிக்கொண்டு எல்லாரும் வந்து பாயில் உட்காருவோம்.

உட்கார்ந்த பிறகு எங்களுக்கு வேலை கிடையாது. பாட்டு எடுப்பது மாமா. கஞ்சிரா தட்டுவது மாமா. வேதம் வாசிப்பது, அதற்கு விளக்கம் சொல்வது, எல்லாரையும் முழங்காலில் நிற்கவைத்து ஜெபம் பண்ணுவது, எல்லாமே மாமா. ஜெபத்தை ஆதாம் ஏவாளில் ஆரம்பிப்பார். இஸ்ரவேல் ஜனங்கள் செங்கடலைத் தாண்டுவதற்குள் என் கால் மரத்துப்போகும். அதற்குப் பிறகு வனாந்தரத்தில் நாற்பது வருஷம் வேறு பாக்கி இருக்கும். ஆமென் சொல்வதும் டீ குடிப்பதும்தான் எங்கள் பங்கு. டீயையும் அவரே ஊற்றிக் கொடுப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் டவுன் கோயிலைச் சேர்ந்தவர்கள் நடத்தும் கூட்டம் ஒன்று இருந்தது. அங்கே வாத்தியார்களும் கிளார்க்குகளும் நாற்காலி போட்டு உட்காருவார்கள். நாங்கள் போனால் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கும். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள், வா என்றும் சொல்லமாட்டார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண்கள், அடுப்பு வேலையையும் முடித்துவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வர வேண்டுமா? எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அறுபத்தொன்பது கடைசியில் இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் நடந்தது. எங்கள் முதலாளி சேலம் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார். அங்கே சூளைக்குத் தலைமையாக மாமா சித்திரை மாதம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சம்பளம் கூட. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. இது ஒன்று.

சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தது இன்னொன்று. ஐயர் என்போம். ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார். எங்கள் கூட்டத்துக்கு வந்தார், முழு ஜெபத்துக்கும் முழங்காலில் நின்றார், டீ குடித்தார். பிறகு மாமாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"தங்கதுரை, கூட்டம் நல்லா இருக்குது. நீங்க போன பொறவு யாரு நடத்துவாங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஈஸ்டருக்குள்ள உங்க எடத்துல நின்னு நடத்த ஒருத்தர உண்டாக்குங்க. முடியலன்னா இத டவுன் கூட்டத்தோட சேத்துடுறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? முன்பு இதே லைனில் ஒரு உபதேசியார் கூட்டம் நடத்தியிருக்கிறார். அவர் மாற்றலாகிப் போன மாசமே கூட்டமும் போய்விட்டது. பாய் மட்டும் மிச்சம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மாமாவுக்கு அது தெரியும். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த பயம் அவர் விருத்தாசலத்தை விட்டுப் போகும்வரை போகவில்லை. சூளை வெடித்தால்கூட அவர் அப்படிப் பயப்படமாட்டார்.

முதலில் என்னைத்தான் பிடித்தார். "எனக்கு வாயி ஊர்ல இல்லாத வாயி மாமா, ஆண்டவர்கிட்ட எதாச்சும் ஏடாகூடமா பேசிடுவேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அடுத்து நடராசனைப் பிடித்தார். நடராசன் களிமண் கலக்குகிறவன். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பான். கேட்டதுதான் தப்பாய்ப் போயிற்று.

மாமா தினமும் வேலை விட்டதும் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இங்கே நிறுத்து, இங்கே கையைத் தூக்கு, இந்த இடத்தில் குரலை இறக்கு. மூன்றாவது வாரம் நடராசன் எழுந்து பேசினான். மாமா எப்படித் தொண்டையைச் செருமுவாரோ அப்படியே செருமினான். மாமாவுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், இவனும் இறக்கிக்கொண்டான். "போன வாரம் நான் சூளை முன்னால நின்னப்ப ஆண்டவர் என்கிட்ட பேசினாரு" என்றான். அவன் பிறந்ததிலிருந்து சூளை முன்னால் நின்றதில்லை.

"அச்சுல ஊத்துன பொம்மையாட்டம் இருக்கான்டி" என்று ஆராயி அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். ஆராயி அக்கா லைனிலேயே மூத்தவர்களில் ஒருவர், பீங்கானுக்கு வர்ணப் பூ ஒட்டும் வேலை. அவர் ரகசியமாகச் சொன்னால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். எல்லாரும் சிரித்துவிட்டோம். நடராசன் மிச்சத்தை மறந்துவிட்டான். பின்னால் இருந்து மாமா ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் முழுவதையும் அவரே சொல்லி முடித்து, வழக்கம்போலச் செங்கடலையும் தாண்டிவிட்டார்.

இந்த லட்சணத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான் விசேஷம். அவரவர் வயலிலும் கொல்லையிலும் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், நெல்லு, கரும்பு, சுட்ட அப்பம் எல்லாம் வரும். ஏலம் விடுவது வருஷா வருஷம் மாமாதான். அவரைப் போலக் கூவ வேறு யாரால் முடியும்? அந்த வருஷம் இதுதான் கடைசித் தடவை என்ற வருத்தம் வேறு அவருக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் கூவினார். ஒரு கோழி முட்டைக்கு இரண்டு மிராசுதாரர்களை மோதவிட்டு ஒரு ஆட்டுக்குட்டி விலைக்கு ஏற்றினார். பந்தலே குலுங்கியது.

கடைசியாக ஒரு பெரிய பூசணிக்காய். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "ஒருதரம்!" என்றார். "ரெண்டுதரம்!" என்றார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். அவர் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றரை மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, குசுகுசுவென்றும் பேசக்கூடாது, மீறினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். என் அக்கா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்காகக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சிலேட்டும் பலப்பமுமாக மாமா வீட்டில் உட்கார்ந்தார். 'காபியில் சக்கரை இல்லை' என்று எழுதிக் காட்டுவார். "எனக்குக் கண்ணு மங்கலா இருக்குது, அப்பறம் படிக்கிறேன்" என்று அக்கா போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே. அந்த வாரம் பாஞ்சாலை வீட்டில் முறை. பாஞ்சாலை கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரன் நெய்வேலியில் சுரங்க வேலை. நீளமான பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து நாளெல்லாம் கைப்பிடி ஒட்டுவார்கள், நாளெல்லாம் பேசுவார்கள். லைனில் எந்த வீட்டில் என்ன என்பது அந்தப் பெஞ்சுக்கு வராமல் போகாது. ஆனால் கூட்டத்தில் பாஞ்சாலை வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை.

எல்லாரும் வந்து உட்கார்ந்தோம். நடராசனைக் காணோம். வேப்பூரில் மாமியார் வீட்டில் அவசர வேலை என்று பஸ் ஏறிவிட்டானாம். மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா ஒரு பாட்டு எடுத்தாள், பாடினோம். இன்னொன்று எடுத்தாள், அதையும் பாடினோம். அடுப்பில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. கொளஞ்சி என்கிற வண்டிக்காரர் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் பாஞ்சாலை. "வூட்டுக்கு வந்தவங்கள ஜெபம் இல்லாம அனுப்புனா நல்லாவா இருக்கும்? எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன்."

முழங்காலில் நின்றாள். எல்லாரும் நின்றோம்.

கோயில் தமிழ் அவளுக்கு வராது. பரமண்டலங்களும் கிருபாசனமும் இல்லாமல், பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரியே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, ஆராயி அக்காவுக்கு ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்குது. மருமவ தைலம் தேய்க்க வந்தா வேணாண்டின்னு வெரட்டுறாங்க. ஆசதான், ரோசம் வுட மாட்டேங்குது. நீதான் அத எறக்கி வெக்கணும். கொளஞ்சி அண்ணன் மாட்டுக்குக் காலு சரியில்ல, அவரு கோவத்த வூட்டுல காட்டுறாரு. நடராசன் வேப்பூருக்கு ஒரு வேலையாவும் போவல, பயந்துகிட்டுப் போயிருக்கான், அவனுக்கு தைரியம் குடு. பீடிய வுட்டுட்டேன்னு ஐயர்கிட்ட சொல்லிட்டு களிமண் ஷெட்டுக்குப் பின்னால குடிக்கிறான், அதையும் பாத்துக்க."

யாரோ இருமினார்கள். பாஞ்சாலை நிறுத்தவில்லை. உண்மையிலேயே அழுதுகொண்டு கேட்டாள்.

"தங்கதுரை அண்ணன் மனசு சரியில்ல. அவரு போயிட்டா கூட்டம் நின்னுபோயிடுமோன்னு பயப்படுறாரு. நிக்காம நடந்துட்டா அதவிடச் சங்கடப்படுவாரு. ரெண்டையும் நீதான் பாத்துக்கணும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன், வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். மாமாவைப் பார்த்தேன். காதுவரை சிவந்துபோயிருந்தார்.

வெளியே வந்ததும் ஆராயி அக்கா ஆடித் தீர்த்துவிட்டார். "எங்க வூட்டு சமாச்சாரத்த ஆண்டவருக்கு நான் சொல்லிக்க மாட்டேனா? இவ என்னா நடுவுல? இனிமே இந்தக் கூட்டத்துக்கு நான் காலெடுத்து வெச்சா பாருங்க!" கொளஞ்சி டீகூடக் குடிக்காமல் போனார். பாஞ்சாலை வாசலில் விக்கித்து நின்றாள். அவளுக்கு எதில் தப்பு என்றே புரியவில்லை. ஜெபம் என்றால் உள்ளதைச் சொல்வது என்று நினைத்தவள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா, அக்கா, பாஞ்சாலை, நான். நாலு பேரும் பாயில் நாலு மூலையிலும் உட்கார்ந்திருந்தோம். சைக்கிளில் வந்த ஐயர் எட்டிப் பார்த்தார். "ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை. மாமா சிலேட்டை எடுத்தார், எழுத ஒன்றும் இல்லாமல் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அன்றைக்கு அவரைக் கேலி பண்ணத் தோன்றவில்லை.

பாஞ்சாலைதான் எழுந்தாள். "வாங்கண்ணே, வூடு வூடாப் போவோம். கெடுத்தவ நானு, நானே போயி கேக்குறேன். நீங்க சும்மா கூட வந்தா போதும்."

சும்மா கூட வருவதைத் தவிர மாமாவால் அப்போது வேறென்ன முடியும்? மறுநாள் சாயங்காலம் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். முதல் வீடு ஆராயி அக்கா வீடு. ஆராயி அக்கா திட்ட ஆரம்பித்தார். பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திட்டு ஓய்ந்ததும் கேட்டாள்.

"தப்புதான்க்கா. இனிமே கேக்காம சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக என்னா கேக்கட்டும்? என்னா கேக்க வேணாம்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் ஆராயி அக்காவிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"தைலத்தப் பத்தி கேக்காத. அத நானே மருமவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார் கடைசியில். "முட்டிக்காகக் கேளு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம முட்டி போட்டு எழுந்தா சனிக்கெழம பூரா நடக்க முடியல. தொரை தம்பி ஜெபம் பெரிய ஜெபமாச்சே, என்னா பண்றது, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்."

மாமா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷமாக அந்த அம்மாளை வாராவாரம் முழங்காலில் நிறுத்தி வைத்தது இவர்தான். ஒருநாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க அவருக்கு நேரம் ஏது, அவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே! எழுந்து உள்ளே போனார், மூலையில் கிடந்த முக்காலியைத் தூக்கிவந்து ஆராயி அக்கா முன்னால் போட்டார், அதைத் தட்டிக் காட்டினார். இனிமேல் உனக்கு இதுதான் என்று அர்த்தம். ஆராயி அக்கா சிரித்தார். "ஊமையானதும் நல்ல புத்தி வந்துடுச்சி தம்பிக்கு" என்றார்.

அப்படியே எல்லா வீடும் போனார்கள். எல்லா வீட்டிலும் அதே இரண்டு கேள்வி. பேசமுடியாத மாமா வீடு வீடாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் நான் எப்படிடா இத்தனை நாள் கேட்காமல் விட்டேன் என்று சிலேட்டில் எனக்கு எழுதிக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் போதவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். மனசு மாறி வந்தவர்கள் பாதி. வராமல் இருந்தால் பாஞ்சாலை தன்னைப் பற்றி என்ன சொல்லிவைப்பாளோ என்று காவல் காக்க வந்தவர்கள் பாதி. எப்படியோ வந்தார்கள். ஆராயி அக்காவுக்கு முக்காலி போட்டாயிற்று.

பாஞ்சாலை எழுந்து, "இன்னிக்கி நான் மட்டும் ஜெபம் பண்ணமாட்டேன்" என்றாள். "பண்ணுனா என்னா ஆவும்னு பாத்துட்டீங்க. ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட, உனக்காக என்னா கேக்கட்டும்னு கேளுங்க. அவங்க சொன்னத மட்டும் ஆண்டவர்கிட்ட கேளுங்க. ரெண்டு வார்த்த போதும்."

என் பக்கத்தில் நடராசன். "பீடிக்காகக் கேளுங்கண்ணே, இனிமே மறைச்சு என்னா ஆவப்போவுது" என்றான். நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சத்தமாக ஜெபம் பண்ணினேன், அதுவும் ஒரு பீடிக்காக. முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. பிறகு நடராசன் ஆராயி அக்காவின் முட்டிக்காகக் கேட்டான். அவன் தொண்டையைச் செருமவில்லை, கையைத் தூக்கவில்லை. தன் குரலிலேயே தட்டுத்தடுமாறிக் கேட்டான். ஆராயி அக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி கொளஞ்சியின் மாட்டுக்காக அப்படி ஒரு ஜெபம் பண்ணினார், மாடு கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருக்கும்.

அதற்குப் பிறகு நிறுத்தமுடியவில்லை. ஒரு வாரம் பாஞ்சாலை நடத்தினாள். மறுவாரம், "நீங்க நடத்துங்கக்கா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று ஆராயி அக்காவிடம் விட்டாள். அதற்கு மறுவாரம் ஆராயி அக்கா, "ஏ நடராசா, இன்னிக்கி நீ, பின்னால நான் இருக்கேன், எடுத்துக் குடுக்க மாட்டேன், பயப்படாத" என்றார். மாமா மூலையில் உட்கார்ந்து டீ மட்டும் ஊற்றினார்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் டாக்டர் பேசலாம் என்றார். வெள்ளிக்கிழமை மாமா வந்து உட்கார்ந்ததும் கூட்டமே அவரைக் கலவரத்தோடு பார்த்தது. அவர் முறை வந்தது. வாயைத் திறந்தார்.

"அண்ணே," என்றாள் பாஞ்சாலை, "பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்."

மாமா தலையாட்டினார். பக்கத்தில் கொளஞ்சி. ஆதாமில் ஆரம்பிக்காமல் நேரே மாட்டுக்கு வந்தார், எனக்கே ஆச்சரியம். நடுவில் எங்கேயோ எகிப்து தேசத்துப் பக்கம் திரும்பப் பார்த்தார், அக்கா பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள், முடித்துவிட்டார். ஆமென் என்று எல்லாரும் சொன்ன சத்தம் ஜங்ஷன்வரை கேட்டிருக்கும். ஈஸ்டர் அன்றைக்கு ஐயர் கோயிலில் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, லைன் கூட்டம் லைனிலேயே நடக்கட்டும் என்றார்.

சித்திரையில் சேலம் ரயிலில் ஏற்றிவிடப் போனேன். சாமான்களை ஏற்றிய பிறகு மாமா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார்.

"மச்சான், கூட்டம் நின்னு போனா எனக்கு சொல்லாத."

"நடந்தா?"

"அதையும் கொஞ்சம் மெதுவா சொல்லு" என்றார். பாஞ்சாலை அவரைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

அதற்கப்புறம் நான் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. நானும் வேலை, அவரும் வேலை. நாலு வருஷம் அவரால் வரமுடியவில்லை. எழுபத்து நாலில் என் மகளுக்கு ஞானஸ்நானம், அதற்குத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், வெள்ளிக்கிழமை சாயங்காலமே ரயிலில் தனியாக வந்து இறங்கினார். அக்கா மறுநாள் வருவதாக ஏற்பாடு. தலை நரைத்து, இன்னும் குட்டையாகத் தெரிந்தார். வந்ததிலிருந்து என்னென்னவோ பேசினார், கூட்டத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்கப் பயம். எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே லைனுக்கு நேர்வழியில் போகாமல், ஜங்ஷனுக்குப் பின்னால் ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் புதுத்தெரு வழியாக அவரைக் கூட்டிப்போனேன்.

ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. வெளியே வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நீலாவதி என்று பெயர், கம்மாபுரத்துப் பக்கம், புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். விருத்தாசலத்தில் குடியேறி இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"லைன் கூட்டத்து அண்ணன்தான? வாங்க, வாங்க. இவங்க யாரு, ஊருக்குப் புதுசுங்களா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, "சேலத்துலேருந்து வந்திருக்காங்க" என்றேன். அது பொய்யில்லை.

"அதுக்கென்னா, உள்ள வாங்கண்ணே. எங்க கூட்டத்துல யாரும் யாரையும் பாத்து சிரிக்கமாட்டாங்க. எனக்கும் ரெண்டு வருசத்துக்கு முன்னால பேச வராது. ஆராயி அக்கான்னு ஒருத்தங்க கூட்டியாந்து உக்கார வெச்சாங்க. அவங்கள ஒரு அக்கா பேச வெச்சாங்களாம், பாஞ்சாலைன்னு."

"அந்த அக்காவ?" என்றார் மாமா.

"அது தெரியலண்ணே. அது இந்த ஊர்ல மொதமொத கூட்டம் ஆரம்பிச்ச காலம்" என்றாள் நீலாவதி.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என் மகள்மேல்கூட நான் உணர்ந்ததில்லை.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். மாமாவுக்கு ஒருவரும் தெரிந்த முகமில்லை. ரயில்வே ஆட்கள், புதிதாக வந்த பீங்கான் வேலைக்காரர்கள், பால்காரம்மா ஒருத்தி. லைனில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, இது மூன்றாவது கூட்டம் என்று அவர் காதில் மெதுவாகச் சொன்னேன், அவர் சொன்னபடியே. நீலாவதி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தாள். மாமாவிடம் வந்தாள்.

"உங்களுக்காக என்னா கேக்கணும் அண்ணே? கூச்சப்படாதீங்க."

மாமா கொஞ்சம் யோசித்தார். "சேலத்துல நாங்க ஒரு கூட்டம் வெச்சிருக்கோம்மா. அதுல ஒருத்தன் நடத்த வருவான் போலருக்குது. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா வந்துடுவான். நான் வாய மூடணும்னு கேளும்மா."

அவள் சிரிக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த இந்த அண்ணனுக்கு வாயை அடக்கும் பலத்தைக் கொடும் என்று மனசுருகிக் கேட்டாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன், இந்தத் தடவை சிரிப்பை அடக்க அல்ல.

"இப்ப நீங்க உங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்காகக் கேக்கணும்" என்றாள் நீலாவதி. பக்கத்தில் இருந்தவன் நான்தான். என் மகளுக்காகக் கேட்கச் சொன்னேன். மாமா கண்ணை மூடினார். உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை. புதுஆள் தடுமாறுகிறார் என்று நீலாவதி நினைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்கண்ணே. மொதல்ல எல்லாருக்கும் இப்பிடித்தான். நான் சொல்லித் தரட்டுங்களா?"

"சொல்லிக் குடும்மா" என்றார் மாமா.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். மாமா அவள் பின்னாலேயே சொன்னார்.